மெடிக்கல் ரிப்போர்ட்: பதற வைக்கும் 5 ஆங்கில வார்த்தைகள்!

ரிப்போர்ட் கைக்கு வந்ததும், டாக்டரைப் பார்ப்பதற்குள் நாமே படித்துப் பதறிவிடுகிறோம். இந்த ஐந்து வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெகட்டிவ்: கெட்ட செய்தி அல்ல. தேடிய கிருமி பரிசோதனையில் தென்படவில்லை என்று பொருள். 'டெங்கு நெகட்டிவ்' என்றால் நிம்மதிதான். ஆனாலும் காய்ச்சல் விடவில்லை என்றால் மறுபடியும் டாக்டரைப் பாருங்கள்.

பினைன்: புற்றுநோய் அல்லாத கட்டி. எழுத்தில் 'ஜி' உண்டு, உச்சரிப்பில் இல்லை.

மாலிக்னன்ட்: புற்றுநோய்க் கட்டி. சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

அக்யூட்: திடீரென வந்தது. வயிற்றுவலியோடு வரும் 'அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்' போல.

கிரானிக்: நாள்பட்டது. 'முற்றிவிட்டது' என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயும் கிரானிக்தான். கட்டுப்பாட்டில் வைத்தபடி பல்லாண்டு வாழலாம்.

வேறு வார்த்தை புரியவில்லையா? "இதுக்கு என்ன அர்த்தம் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.