டான்சில் ஆபரேஷனுக்குப் பின் 14 நாட்கள்



 உசிலம்பட்டி வட்டாரத்தில் நடைபெறும் இந்த மருத்துவ ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வரும் உங்களுக்கு எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஊழியத்தைத் தாங்கும் நண்பர்களில் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "டான்சில் ஆபரேஷன் சின்ன ஆபரேஷன்தானே? மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாமே. வளர்ந்த ஆளுக்கு அதற்காகப் பத்து நாள் படுக்கையும் சாப்பாடும் எதற்கு?" என்கிறார்கள். காணிக்கை கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய நியாயமான கேள்விதான் இது. அதற்குப் பதிலாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

டான்சில் என்பது எது?

நம் கிராமங்களில் தொண்டை வலி என்றாலே "உள்நாக்கு வளர்ந்திருக்கிறது" என்பார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போடுவார்கள். உண்மையில் உள்நாக்கு என்பது தொண்டையின் நடுவே தொங்குவது. டான்சில் என்பது அதற்கு இரண்டு பக்கமும் பாதாம் பருப்பைப்போல அமைந்திருக்கும் சதை. வாய் வழியாக வரும் கிருமிகளைச் சிறு வயதில் அடையாளம் கண்டுகொள்ளத் தேவன் வைத்த காவல்காரர் என்று அதைச் சொல்லலாம். வயது ஏற ஏற அதன் வேலை குறைகிறது. அதை எடுத்துவிட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி போய்விடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. நாக்கின் அடியிலும் தொண்டையின் பின்சுவரிலும் அதே வகைச் சதை மீதி இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஏன் எடுக்க வேண்டும்?

எல்லாத் தொண்டை வலிக்கும் ஆபரேஷன் தேவையில்லை. ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது இரண்டு வருடங்களில் வருடத்திற்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடங்களில் வருடத்திற்கு மூன்று முறை காய்ச்சலோடு டான்சில் வீங்கினால்தான் மருத்துவர்கள் அதைப் பற்றி யோசிப்பது வழக்கம். டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டி, வாயைத் திறக்க முடியாமல் வருகிறவர்களும் உண்டு. ஒரு பக்கத்து டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால் புற்றுநோயாக இருக்கலாம் என்பதால் அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். புகையிலையும் பீடியும் பழகியவர்களிடம் இதை நாம் அலட்சியம் செய்யக் கூடாது.

பெரியவர்களுக்கு இந்த ஆபரேஷனால் பலன் உண்டா என்று பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2023-இல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அடுத்த இரண்டு வருடங்களில் தொண்டை வலியோடு கழிந்த நாட்கள் நடுத்தரமாக 23. செய்துகொள்ளாதவர்களுக்கு 30. ஆபரேஷனுக்குப் பின் புண் ஆறும்போது வலித்த நாட்களையும் சேர்த்து எண்ணியே இந்தக் கணக்கு. ஆகவே பலன் உண்டு. ஆனால் அது இரண்டு வாரப் பொறுமைக்குப் பின்பு வருகிற பலன்.

புண் ஆறும் விதம்

ஆபரேஷன் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே செய்கிறார்கள். வெளியே தழும்பு இருக்காது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோம் நாட்டில் செல்சுஸ் என்பவர், டான்சிலை விரலால் சுரண்டி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் எந்தக் கருவியால் எடுத்தாலும் தொண்டை தன் நேரத்தை எடுத்துக்கொண்டே ஆறுகிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோலைச் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். டான்சில் இருந்த இடத்தை அப்படித் தைப்பது வழக்கமில்லை. அது திறந்த புண்ணாகவே இருந்து அடியிலிருந்து ஆறி வர வேண்டும். அதன் கீழே இருப்பதோ விழுங்கும் தசை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் அது அசைகிறது.

ஒன்றிரண்டு நாளில் புண்ணின்மேல் வெள்ளையாக, அல்லது மஞ்சளாக ஓர் ஆடை படரும். கண்ணாடியில் பார்த்துவிட்டு "சீழ் பிடித்துவிட்டது" என்று பலர் பயந்துபோகிறார்கள். அது சீழ் அல்ல. கையில் பட்ட காயத்தின்மேல் பொருக்குக் கட்டுவதுபோலத்தான் இதுவும். வாய் நாற்றமும் சில நாட்கள் இருக்கும். காதும் வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் வருகிற வலி அது. காதில் எண்ணெய் விட வேண்டாம்.

முதல் நாளைவிட மூன்றாம் நாளும் நான்காம் நாளும் வலி கூடுவது பெரியவர்களுக்குச் சகஜம். ஒரு வாரம்வரை அது தணியாமல் இருக்கலாம். இரவில் தொண்டை வறண்டுபோவதால் காலையில்தான் வேதனை அதிகம். வலி மாத்திரையை வலி வந்தபின் தேடாமல், மருத்துவர் சொன்ன நேரத்திற்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். கடையில் தாமாக ஆஸ்பிரின் வாங்கிப் போடவே கூடாது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும்.

பத்தியமும் பட்டினியும்

ஆபரேஷன் ஆனவருக்குப் பத்தியம் என்று சொல்லி நம் வீடுகளில் சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். குளிர்ந்தது எதுவும் ஆகாது, சளி பிடிக்கும் என்று பாட்டிமார் கண்டிப்பாகச் சொல்வார்கள். டான்சில் ஆபரேஷனில் இது நேர்மாறு. குளிர்ந்த பானம் வலியைத் தணிக்கும். அடிக்கடி விழுங்கினால்தான் தொண்டைத் தசை இறுகிப்போகாமல் இருக்கும். விழுங்காமல் பட்டினி கிடந்தால் உடம்பு வறண்டு, வலி இன்னும் கூடும்.

முதல் நாட்களில் இளநீர், ஆறிய அரிசிக் கஞ்சி, புளிக்காத மோர், ஆறிய கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாம். பிறகு பாலில் ஊறிய இட்லி, குழைந்த பருப்புச் சாதம். மதுரைக்காரர்களுக்குப் பிரியமான ஜிகர்தண்டாவை இந்த நாட்களில் மருந்தாகவே எண்ணிக் குடிக்கலாம். காரம், புளிப்பு, முறுக்கு, சூடான டீ, வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி ஆகியவை கூடவே கூடாது.

பயப்பட வேண்டிய நாட்கள்

இப்போது கேள்விக்கு வருகிறோம். இந்த ஆபரேஷனில் பெரிய ஆபத்து இரத்தக் கசிவு. முதல் 24 மணி நேரத்தில் வந்தால் நோயாளி மருத்துவமனையில் இருப்பார், கவனித்துவிடலாம். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை, புண்ணின்மேல் படர்ந்த ஆடை கழன்று விழும் சமயத்தில் இரண்டாம் முறை கசிய வாய்ப்பு இருக்கிறது. சிறுவர்களைவிடப் பெரியவர்களுக்கு இது அதிகம். எச்சிலில் ஒரு கோடு இரத்தம் தெரிந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாய் நிறையப் புது இரத்தம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் குனிந்து, விழுங்காமல் துப்பிக்கொண்டே உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலும் எழுப்பி வாயைப் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்தாம் நாளில் ஒரு கூலித் தொழிலாளி எங்கே இருப்பார்? எழுமலைப் பக்கமோ சேடபட்டிப் பக்கமோ உள்ள ஒரு கிராமத்தில், பெரும்பாலும் வேலைக்காட்டில் இருப்பார். கூலி போனால் அடுப்பு எரியாது. மல்லிகை எடுக்க விடியுமுன் குனிகிற சகோதரியும், செங்கலும் மூட்டையும் சுமக்கிற சகோதரனும் இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றால் எப்படி முடியும்? இரவில் கசிந்தால் 108 ஆம்புலன்ஸ் வர வேண்டும். தொண்டையில் மறுபடி ஆபரேஷன் செய்யும் வசதிக்காக மதுரைக்கே போக நேர்ந்தால் உசிலம்பட்டியிலிருந்தே சுமார் 40 கிலோமீட்டர். கிராமத்திலிருந்து உசிலம்பட்டிக்கு வரும் தூரம் தனி.

நகரத்தில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர் மறுநாளே போகலாம், அதில் தவறில்லை. தூரத்துக் கிராமத்தவரை, வீட்டில் கவனிக்க ஆள் இல்லாதவரை, பத்து நாட்கள் கண் பார்வையில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்றால் காரணம் இதுதான். அந்தப் படுக்கை சௌகரியத்திற்காக அல்ல, காவலுக்காக.

சத்திரத்தில் கொடுத்த பணம்

லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை நாம் அறிந்ததே. அவன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதைப் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் உவமை அங்கே முடிந்துவிடவில்லை. அவன் காயப்பட்டவனைச் சத்திரத்திற்குக் கொண்டுபோனான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். கட்டுப் போட சிறிது நேரம் போதும். புண் ஆறத்தான் நாட்கள் வேண்டும் என்று அவன் அறிந்திருந்தான்.

அன்பானவர்களே, ஆபரேஷன் கருவிக்குக் கொடுக்கும் காணிக்கை கண்ணுக்குத் தெரியும். கஞ்சிக்கும், உடனிருக்கும் மனைவியின் சாப்பாட்டிற்கும், இரவு டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்க்கும் நர்சின் சம்பளத்திற்கும் கொடுப்பது வெளியே தெரியாது. அதுவே சத்திரத்தில் கொடுத்த பணம்.

ஜெபக் குறிப்புகள்

1. ஆபரேஷன் முடிந்து புண் ஆறிக்கொண்டிருக்கும் நோயாளிகளுக்காக.
2. கூலி இழந்து இந்த நாட்களைக் கடக்கும் அவர்கள் குடும்பங்களுக்காக.
3. இரவுப் பணியில் விழித்திருக்கும் நர்சுகளுக்காகவும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்காகவும்.
4. பீடி, புகையிலைப் பழக்கத்திலிருந்து நம் வட்டாரத்து மக்கள் விடுபடுவதற்காக.

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

ஊழியத்தில் உங்கள் உடன் வேலையாட்கள்