உங்களுக்குத் தெரியுமா? அறுபதுக்கு முன்னே படுத்துவிட்டால்...

தேங்காய்ப்பட்டணத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே குமரி மாவட்டத்துச் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். எந்தக் கரையானாலும் 61 நாள். மீன் பெருகட்டும் என்று வலையைச் சுருட்டி வைக்கும் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அதே ஆள் மஞ்சள் காமாலையில் 61 நாள் படுத்தால்? இழந்த கூலிக்கு ஈடாக ஒரு பைசா கிடையாது. மீனுக்கு இருக்கிற ஓய்வு மீனவனுக்கு இல்லை!

ஊரில் 'ஓஏபி' என்கிறோமே, அந்த முதியோர் பென்ஷன் தமிழ்நாட்டில் 1962 ஏப்ரல் 1-ல் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. 2011-ல் ஆயிரமானது. அடுத்த உயர்வுக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது: 2023 ஆகஸ்டில் 1,200. அறுபது முடிந்திருக்க வேண்டும், ஆதரவற்றவராகவும் இருக்க வேண்டும். மத்திய அரசின் திட்டத்தில் வருகிறவருக்கு டெல்லியின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய்தான். எண்பது தொட்டால் 500.

குமரி மாவட்டத்து நீரோடியைத் தாண்டினால் பொழியூர், கேரளம். அங்கே நலப் பென்ஷன் 2025 நவம்பரிலிருந்து 2,000. ஒரே கடல், ஒரே அலை. 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலமும்கூட.

கம்பெனியில் வேலை பார்த்து இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் நோயில் விழுந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். கடலில் பங்குக்குத் தொழில் செய்பவருக்கு முதலாளியும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் பங்கு. அதனால் இ.எஸ்.ஐ. அவர் பக்கம் திரும்பாது.

பொழிமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து இறந்தாலோ, உடல் முழுதும் முடங்கினாலோ மீனவர் விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு. நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால் பெயரே சொல்கிறது, அது 'விபத்து'க் காப்பீடு. முப்பது வருஷம் மடிவலை இழுத்துத் தேய்ந்த முட்டும் முதுகும் விபத்தில் சேராது. முதல்வர் மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவும், மறுக்கவில்லை. அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும். வீட்டு உலைக்கு வராது.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 24-வது பிரிவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: மற்றவர்களுக்குத் தரும் இதே போன்ற உதவியைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 1,200-ல் 25 சதவீதம் 300. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி பென்ஷன் 1,500. சட்டம் சொன்ன குறைந்தபட்சம், சல்லிக்காசு கூடவில்லை. மாநிலம் 40 சதவீத ஊனத்துக்கே தருகிறது. டெல்லியின் 300 ரூபாய்க்கு 80 சதவீதம் வேண்டும்.

அந்தச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. பக்கவாதம் வந்து கைகால் விழுந்தால் இடம் உண்டு. இதயம் பழுதானாலோ சிறுநீரகம் செத்துப்போனாலோ பட்டியலில் இடமில்லை. ஆந்திரம் வேறு வழி போனது: அங்கே டயாலிசிஸ் நோயாளிக்கு மாதம் 10,000.

ஓய்வு வயது 65 என்று வைத்தவர் ஜெர்மனியின் பிஸ்மார்க் என்பார்கள். 1889-ல் அவர் வைத்தது 70; 65 ஆனது 1916-ல். அதைவிட முக்கியமானது, வயது ஆகும் முன்பே உடல் கெட்டவருக்கும் அதே சட்டத்தில் பென்ஷன் இருந்தது. நூற்று முப்பது வருஷம் முந்தின யோசனை!

இங்கோ, ஊனச் சான்றிதழில் அளப்பது உறுப்பை, தொழிலை அல்ல. கயிறு சுற்றி இரண்டு விரல் போனவர் 40 சதவீதம் தேறாமல் போகலாம். மேசை வேலைக்கு அது பெரிய குறையல்ல. நனைந்த வலையை இழுக்க அந்த இரண்டு விரல்தான் வேண்டும்.