ஓதமும் வழியும்: கிள்ளான் கரையோரத் தீவுகளும் நெய்தற் சொற்களும்

நெய்தல் நிலத்தைக் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று நாம் வகுப்பறையில் விளக்குகிறோம். மாணவரும் அதனை அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஆயின் அச்சொல்லைக் கேட்டதும் அவர்தம் மனக்கண்ணில் தோன்றுவது யாது என்று வினவினால், வெண்மணற் பரப்பும் தென்னை வரிசையும் அலை வந்து மோதும் கரையுமே விடையாகக் கிடைக்கும். சங்க அகப்பாடல்களின் நெய்தலில் மணலும் கானலும் உண்டு என்பது மெய்யே. எனினும் அப்பாடல்களில் மணலோடு சேறும், அலையோடு கழியும், தாழை புன்னைகளோடு கண்டலும் பயின்று வருகின்றன. கழி, கண்டல், ஓதம் ஆகிய மூன்றும் நம் மாணவர்க்கு அருஞ்சொற்பொருள் பட்டியலில் மட்டுமே வாழும் சொற்களாகிவிட்டன.

இச்சொற்கள் குறிக்கும் பொருளை நேரிற் காண நாம் தமிழகத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொமியூட்டர் தொடர்வண்டி ஏறினால், ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் போர்ட் கிள்ளான் நிலையத்தை அடையலாம். அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே படகுத்துறை உள்ளது. படகில் மேலும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் சென்றால் புலாவ் கேத்தாம் என்னும் தீவு வந்துவிடும். இத்தீவுக்குச் செல்லும் வழியையும், அவ்வழியைக் கடலின் ஏற்றவற்றம் ஆளும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சொற்பொருள் விளக்கம் அதனூடே தானாக அமையும்.

ஓதத்திற்கு உட்பட்ட தீவுகளை இருவகையாகப் பகுத்துக் காண்பது நலம். நீர் வற்றும்போது வழி திறக்கும் தீவுகள் ஒருவகை. மும்பையில் வொர்லிக் கரையை அடுத்துள்ள ஹாஜி அலி தர்கா இதற்குப் பலரும் அறிந்த சான்று. கரையையும் தர்காவையும் இணைக்கும் தாழ்வான நடைபாதை கடல் பெருகும்போது நீரில் மூழ்கிவிடும். வற்றிய பின்னரே மக்கள் நடந்து செல்வர். பிரான்சு நாட்டு மோன் சான் மிசேல் தீவுக்கும் முற்காலத்தில் இவ்வாறே வற்று நேரம் பார்த்து மணற்பரப்பைக் கடந்தனர். இத்தகைய தீவுகளில் தரை உறுதியானது. நீர் விலகினால் போதும்.

கிள்ளான் கரையோரத் தீவுகள் இதற்கு நேர்மாறானவை. இங்கே நீர் வற்றினால் வழி அடைபடும். கரைக்கும் தீவுக்கும் இடையிலுள்ள முதன்மை நீர்வழி ஆழமானது. எப்போதும் கலம் செல்லத் தக்கது. ஆனால் தீவுக்குள் கிளைத்துச் செல்லும் சிறு கழிகள் வற்று நேரத்தில் சேற்றுப் பள்ளங்களாகிவிடும். அங்கே கட்டிய படகுகள் சேற்றின்மேல் அமர்ந்துவிடும். அச்சேற்றில் காலூன்றி நடத்தல் இயலாது. ஆகவே மீண்டும் ஓதம் ஏறும்வரை காத்திருத்தலே வழி. மணற்கரையை மட்டும் கண்டு பழகியவர்க்கு இது புதுமையாகத் தோன்றக்கூடும். கழிக்கரை வாழ்வில் இதுவே இயல்பு.

நீர் எவ்வளவு ஏறுகிறது?

போர்ட் கிள்ளானில் முழுமதி, மறைமதி நாள்களை ஒட்டி நிறைநீருக்கும் வற்றுநீருக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 4 மீட்டர். சென்னைக் கரையில் அதே நாள்களில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 1 மீட்டர் அளவினதே. பாம்பன் பகுதியில் அதனினும் குறைவு. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் நீரிணையின் அமைப்பாகும். அந்தமான் கடலிலிருந்து மலாக்கா நீரிணைக்குள் புகும் ஓத அலை, தென்கிழக்கே வரவர இருபுறக் கரைகளாலும் நெருக்குண்டு, ஆழமும் குறைய, உயரம் மிகுகிறது. சிலாங்கூர்க் கரையில் அந்த உயர்வு நன்கு புலப்படும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், தாம் பிறந்த கரையில் இடுப்பளவுகூட ஏறி அறியாத கடல் இங்கே இரண்டாள் உயரத்துக்கு ஏறி இறங்குவதைக் கண்டிருப்பர்.

ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் இருமுறை நிகழ்கின்றன. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிகிறது. எனவே ஒவ்வொரு நாளும் நிறைநீர் நேரம் முந்தைய நாளினும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. நிலவும் கதிரவனும் ஒரே கோட்டில் நின்று ஈர்க்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களுக்கு ஓரிரு நாள் பின்னர் ஓதம் மிகப் பெரிதாகும்; அவை செங்கோணத்தில் நிற்கும் அஷ்டமியை ஒட்டி மிகச் சிறிதாகும்.

இங்கே ஒரு வசதி நமக்குண்டு. தமிழ் இல்லங்களின் சுவரில் தொங்கும் நாள்காட்டி ஒவ்வொரு நாளுக்கும் திதியைத் தருகிறது. திதி நிலவின் நிலையைக் குறிப்பதாதலின், ஓதத்தின் அளவையும் நேரத்தையும் அதனைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். போர்ட் கிள்ளானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பெரும்பாலும் காலையும் மாலையும் 6 மணியளவில் நீர் நிறைந்து, நண்பகலை ஒட்டி வற்றிக் கிடக்கும். அஷ்டமியை ஒட்டியோ நண்பகலில் நீர் ஏறி நிற்கும். ஆனால் அவ்வேற்றம் பெரிதன்று. துல்லியமான நேரம் வேண்டுவோர் அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையைப் பார்த்தல் வேண்டும். நாள்காட்டிக் கணக்கு மாணவர்க்கு இயற்கையின் ஒழுங்கைக் காட்டப் போதுமானது, படகோட்டப் போதாது.

சொல் வழக்கு

‘ஓதம்’ என்ற சொல்லின் வரலாறு இரங்கத்தக்கது. கடல், அலை, கடற்பெருக்கு என்ற பொருள்களில் பழைய நூல்களில் நின்ற அச்சொல், இன்றைய பேச்சில் சுவரிலும் தரையிலும் ஏறும் ஈரத்தையே குறிக்கிறது. ‘சுவர் ஓதம் காக்கிறது’ என்பார் நம் வீட்டுப் பெரியவர். உண்மையில் இரு பொருளுக்கும் தொடர்புண்டு. கீழிருந்து நீர் ஏறுதலே இரண்டிற்கும் பொது. ஆசிரியர் இத்தொடர்பைச் சுட்டினால் மாணவர் மறவார். இலங்கைத் தமிழர் பாடநூல்களில் ‘வற்றுப்பெருக்கு’ என்ற அழகிய தொடர் வழங்குகிறது. நிகழ்வின் இருபாதிகளையும் ஒருங்கே காட்டும் அச்சொல்லை மலேசியப் பாடநூலாரும் ஏற்கலாம் என்பது நம் கருத்து. முழுமதி, மறைமதி ஆகிய இரண்டிற்கும் ‘உவா’ என்ற பழஞ்சொல் உண்டாதலின், அந்நாள்களின் பேரோதத்தை ‘உவா ஓதம்’ எனலாம்.

நம் மாணவர்க்கோ ‘ஆயர் பாசாங்’, ‘ஆயர் சூருட்’ என்ற மலாய்த் தொடர்கள் எளிதில் விளங்கும். அவற்றிலிருந்து தமிழுக்கு அழைத்து வருவதில் இழுக்கேதும் இல்லை. (முதலாவதைத் தமிழிலுள்ள பாசாங்கோடு அவர்கள் குழப்பிக்கொள்ளாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.) ‘குவாலா’ என்ற சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. கழிமுகத்தையும் ஆறுகள் கூடுமிடத்தையும் குறிக்கும் அச்சொல்லோடு சேற்றைக் குறிக்கும் ‘லும்பூர்’ சேர்ந்ததே நம் தலைநகரின் பெயர். சேறும் கழியும் நமக்கு அயலானவை அல்ல.

வழியின் வரலாறு

தொடர்வண்டிப் பாதையின் வரலாற்றை அறிந்து பயணம் செய்தல் பயனுடையது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அண்மையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1890இல் பாலம் அமைந்த பின் வண்டி ஆற்றைக் கடந்து கிள்ளான் நகரை எட்டியது. அக்காலத் துறைமுகம் ஆற்றினுள்ளே பெங்காலான் பத்துவில் இருந்தது. ஓதத்தையும் ஆற்றின் வளைவுகளையும் நம்பிப் பெருங்கலங்கள் அங்கு வருதல் அரிதாயிற்று. எனவே ஆற்றுமுகத்தில், தீவுகளின் மறைவில், புதிய துறைமுகம் கட்டப்பட்டு 1901இல் திறக்கப்பட்டது. அதுவே போர்ட் சுவெட்டன்ஹாம்; 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது.

திறந்த சில வாரங்களிலேயே அத்துறைமுகத்தை மலேரியாக் காய்ச்சல் முடக்கியது. கண்டற்காட்டை வெட்டித் திருத்திய சதுப்பு நிலமே கொசுக்களின் விளைநிலமாயிற்று. அவ்வாண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கடல் நீர் ஏறாதவாறு கரையிட்டு, உள்ளே தேங்கும் நீரை வடிகால் வெட்டி வெளியேற்றும் முறையால் அதனைக் கட்டுப்படுத்தினார். மலேரியாத் தடுப்பு வரலாற்றில் இடம்பெற்ற பணி இது. அக்காலத்தில் இக்கரையோரத் தோட்டங்களில் காய்ச்சலுக்குப் பலியான தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர் என்பதை நாம் மறத்தலாகாது. பின்னாளில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சென்ற ‘ரஜூலா’ முதலிய கப்பல்களும் இத்துறையைத் தொட்டே சிங்கப்பூர் சென்றன.

படகில் ஏறியதும் இருமருங்கிலும் கண்டற்காடு தொடங்கிவிடும். புலாவ் கேத்தாம் என்பதற்கு நண்டுத்தீவு என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன மீனவர் குடியேறிய ஊர் இது. இன்றும் அவர்களே பெரும்பான்மையர். ஊரும் கோயிலும் பள்ளியும் தூண்கள்மேல் நிற்கின்றன. தெருக்கள் யாவும் பலகையாலும் பைஞ்சுதையாலும் ஆகிய உயர்ந்த நடைபாதைகள்; மகிழுந்து இல்லை, மிதிவண்டியும் மின்மிதிவண்டியுமே உண்டு. உவா ஓத நாள்களில் சில நேரம் நடைபாதையையே நீர் தொட்டுவிடும்.

வற்று நேரத்தில் அந்நடைபாதையில் நின்று கீழே நோக்கினால், கொக்குக்கு அஞ்சிய நண்டு கண்டல் வேரிடை வளைக்கு விரைந்தோடும் குறுந்தொகைக் காட்சியை உரையாசிரியர் துணையின்றியே காணலாம். கண்டல் ஏன் தரைக்கு மேலே கால் ஊன்றியதுபோல் வேர் விடுகிறது என்பதும், வெண்கண்டலின் வேர்கள் ஏன் சேற்றிலிருந்து முளைகள்போல் மேல்நோக்கி நிற்கின்றன என்பதும் அங்கே விளங்கும். நாளுக்கு இருமுறை மூழ்கும் சேற்றில் காற்று இல்லை. வேர் மேலே வந்துதான் மூச்சுவிட வேண்டும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் மலேசியக் கண்டற்காடுகளில் வளர்வதே. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதால் மலாயர் அதனைக் ‘குருட்டு மரம்’ என்னும் பொருள்பட ‘பூத்தா பூத்தா’ என்பர்.

தெற்கே உள்ள கேரித் தீவு வேறொரு பாடத்தைத் தருகிறது. எட்வர்ட் வாலன்டைன் ஜான் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டத்துரையின் பெயர் பெற்ற அத்தீவை லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரிக்கிறது. பாலம் அமையும்வரை படகே வழி. நிறைநீர் மட்டத்துக்குத் தாழ்வான அந்நிலத்தைச் சுற்றிக் கரையெழுப்பி, ஓதம் வற்றும்போது தானே திறந்து உள்நீரை வெளிவிட்டு, ஏறும்போது தானே மூடிக்கொள்ளும் மடைக்கதவுகளை அமைத்தே ரப்பரும் பின்னர் எண்ணெய்ப்பனையும் பயிரிட்டனர். தமிழ்த் தொழிலாளர் அங்கே தலைமுறைகளாக உழைத்தனர்; அவர்தம் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப்பள்ளிகளும் எழுந்தன. ஓதத்தைத் தடுத்து நிறுத்தும் கரையின் மறைவில் அவர்கள் வாழ்ந்தமையால், தீவில் வாழ்ந்தும் கடலை அறியாத வாழ்வு பலருக்கு வாய்த்திருக்கும் எனக் கருத இடமுண்டு. அத்தீவின் தொல்குடியினரான மா மெரி மக்களோ கடலோரத்தில் ‘பூஜா பந்தாய்’ என்னும் வழிபாடு நிகழ்த்துகின்றனர். ‘பூஜா’ என்ற சொல் அங்கு வழங்குதல் தனியே ஆராயத்தக்கது.

இக்கரையின் சதுப்பு என்றும் இவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முன்னர் லுமுட் தீவு எனப்பட்ட புலாவ் இண்டாவில் 1990களில் பெருந்துறைமுகம் எழுந்தது. இன்று அது பாலத்தால் நிலத்தோடு இணைந்துள்ளது. கேரித் தீவிலும் மாபெரும் துறைமுகம் அமைக்கும் கருத்து 2017இல் பொதுவில் பேசப்பட்டது. கழி தூர்க்கப்பட்ட இடத்தில் ‘கழி’ என்ற சொல்லுக்கு மாணவர்க்குக் காட்ட எதுவும் எஞ்சாது.

அகப்பாடல்களில் வழியின் ஏதம் பற்றிய அச்சம் ஒரு சிறந்த துறை. கழியைக் கடந்து இரவில் வரும் தலைவனை எண்ணித் தோழி அஞ்சுகிறாள்: ஓதம் ஏறுகிறது, சேறு தேரை அழுத்துகிறது, கழியில் சுறாவும் முதலையும் திரிகின்றன. இதனை வெறும் புலனெறி வழக்கு என்று மட்டும் விளக்கும் ஆசிரியர் பாதியையே விளக்குகிறார். கழி எந்நேரமும் கடக்கத் தக்கதன்று. எந்நேரம் கடக்கலாம் என்பதை நிலவு முடிவு செய்கிறது. அது விளங்கினால், தலைவன் வரும் நேரம் ஏன் அவன் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதும், காத்திருத்தலும் இரங்கலும் ஏன் இந்நிலத்துக்கு உரிப்பொருளாயின என்பதும் ஓரளவு தெளிவாகும்.

மாணவரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர் பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நன்று. காலை 8 மணியளவில் பிரிக்பீல்ட்சிலிருந்து புறப்பட்டால், நீர் வடிந்துகொண்டிருக்கும்போது தீவை அடையலாம். நண்பகலில் சேறும் வேரும் நண்டும் தெரியும். பிற்பகல் 3 மணிக்குள் அதே இடத்தில் ஓதம் மீண்டும் ஏறத் தொடங்கியிருக்கும். காலையிற் கண்ட நண்டுவளைகள் ஒவ்வொன்றாக மறைவதை மாணவர் நின்று பார்க்கலாம். நெய்தலுக்குரிய சிறுபொழுதாகிய எற்பாட்டைப் படகிலிருந்தே காணும் வாய்ப்பும் கிட்டும். ஆயினும் கடைசிப் படகின் நேரத்தைத் தீவில் இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளல் வேண்டும்; மாணவர் பயணத்திற்கு இரவுக்குறி ஏற்றதன்று.