அனுப்பிய அஞ்சல் எங்கே போனது?

எங்கள் சங்கம் அனுப்பிய மரண அறிவித்தல் ஒன்று ஜிமெயில் வைத்திருப்போருக்குக் கிடைக்கவில்லை. இறுதிக்கிரியை முடிந்த பிறகே பலருக்குத் தெரிந்தது. "அனுப்பினோமே" என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், பிறகுதான் போஸ்ட்ஃபிக்ஸ் சேவையகத்தின் லாக் கோப்பைத் திறந்தோம்.

ஒவ்வொரு முகவரிக்கும் அதில் ஒரு வரி இருக்கும். குறியீடு 2இல் தொடங்கினால் மறுபக்கம் ஏற்றுக்கொண்டது என்று பொருள் (ஸ்பாமுக்குள் போட்டிருக்கலாம், அது வேறு கதை). 4 என்றால் தற்காலிகத் தடை. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். மரண அறிவித்தலுக்கு அதனால் என்ன பயன்? 5 என்றால் நிராகரிப்பு.

எங்களுக்கு வந்தது 5.7.26: அனுப்புநர் உறுதிப்படுத்தப்படவில்லை. 2024 பெப்ரவரி முதல் கூகுள் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கேட்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை. எங்கள் பெயரில் அனுப்பக்கூடிய சேவையகம் எது என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியை டிஎன்எஸ்ஸில் சேர்த்தோம். அடுத்த அறிவித்தலுக்கு 2.0.0 வந்தது.