கர்ப்பவதியும் உபவாசமும்



வருடத் துவக்கத்தில் நமது சபைகளில் 21 நாள் உபவாச ஜெபம் அறிவிக்கப்படும்போது, கர்ப்பவதிகளான சகோதரிகளும் பெயர் கொடுக்கிறார்கள். பல வருடக் காத்திருப்புக்குப்பின் கருத்தரித்து, வெள்ளிதோறும் உபவாசிப்பேன் என்று பொருத்தனை பண்ணியவர்கள் உண்டு. சுகப்பிரசவத்தை வேண்டி, கடைசி மாதத்தில் தண்ணீரும் அருந்தாமல் இருக்கத் துணிகிறவர்களும் உண்டு. தாராவியிலோ பெங்களூரிலோ வாடகை அறையில் வாழும் இளம் மனைவியை, "வேண்டாம் மகளே" என்று தடுக்க அருகில் தாயாருமில்லை, மாமியாருமில்லை. போதகர்தான் சொல்லவேண்டும்.

பவுலின் கப்பற்பயணத்தில் குறிப்பிடப்படும் உபவாசநாள் (அப். 27:9) லேவியராகமத்தின் பாவநிவிர்த்தி நாளே. யூதர்கள் இன்றும் அதை யோம் கிப்பூர் என்று ஆசரிக்கிறார்கள். சாயங்காலம் துவங்கி மறுநாள் இருட்டும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், ஆகாரமுமில்லை, தண்ணீருமில்லை. அந்த உபவாசத்தையொட்டிய மணிநேரங்களில் நிறைமாதப் பிரசவங்கள் வழக்கத்தைவிட அதிகரிப்பதை, எருசலேம் மருத்துவர்கள் 1983-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள்.

சரீரத்தில் நீர் வற்றும்போது, எஞ்சிய நீரைக் காக்கும் ஹார்மோனை பிட்யூட்டரி சுரப்பி வெளியிடுகிறது. கர்ப்பப்பையைச் சுருங்கச்செய்யும் ஆக்ஸிடோசினும் அதே சுரப்பியிலிருந்தே வருகிறது. அமைப்பில் இரண்டும் உடன்பிறந்தவைபோல. ஆகையால் நீர்வறட்சி வலியைத் தூண்டக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நிறைமாதத்தில் அது பிரசவமாய் முடியலாம். ஏழாம் மாதத்திலோ, நுரையீரல் முதிராத சிசுவின் ஜீவனல்லவா ஆபத்துக்குள்ளாகும்? மேலும், பட்டினியில் கர்ப்பவதியின் இரத்தச் சர்க்கரை மற்றவர்களைவிட விரைவாக இறங்குகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் தேசத்துக் கர்ப்பவதிகளில் 52 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஏற்கெனவே பெலன் குன்றியவர்களையே நாம் உபவாசிக்க அழைக்கிறோம்.

பாவநிவிர்த்தி நாளின் கண்டிப்பை லேவியராகமம் 23:29-ல் வாசித்துப்பாருங்கள். அந்த நாளிலுங்கூட, ஆகாரத்தின் வாசனையால் இச்சித்துச் சோரும் கர்ப்பவதிக்கு, அவள் தேறும்வரை உண்ணக் கொடுக்கவேண்டும் என்று ரபீமார் மிஷ்னாவில் விதித்தார்கள். கிருபையின் காலத்தவராகிய நாம் அவர்களைவிடக் கடினமாயிருப்பது எப்படி?

கர்ப்பவதியின் ஆகாரத்தைக் குறித்து வேதம் கட்டளையிடும் இடம் நியாயாதிபதிகள் 13. மனோவாவின் மனைவியிடம் தூதனானவர் திராட்சரசத்தையும் தீட்டானதையும் விலக்கச் சொன்னார்; பட்டினியிருக்கச் சொல்லவில்லை. யோவேல் 2:16-ல் பால்குடிக்கிற குழந்தைகளும் கூட்டப்பட்டார்களே என்பார் சிலர். கூட்டப்பட்டார்கள், மெய்தான், பாலை நிறுத்தும்படி அங்கே எழுதியிருக்கவில்லை.

பொருத்தனையை என்ன செய்வது? பொருத்தனை பண்ணினவனின் திராணிக்கேற்ப ஆசாரியன் அதை மதிப்பிட லேவியராகமம் 27:8 இடங்கொடுக்கிறது. ஆகவே சகோதரி தன் போதகரிடம் வெளிப்படையாய்ப் பேசட்டும். பிரசவத்திற்கும் பாலூட்டும் காலத்திற்கும் பின்பு அதை நிறைவேற்றலாம். அதுவரை வெள்ளி உபவாசத்தைப் புருஷன் ஏற்றுக்கொள்ளட்டும். ரெபெக்காளுக்காக வேண்டுதல் செய்தவன் ஈசாக்கு அல்லவா?

கர்ப்பவதிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக என்று போதகர்கள் மேடையிலேயே அறிவிப்பது நல்லது. தனியே விலக்கப்பட்டதாக எவரும் வெட்கப்படமாட்டார்கள். ஏற்கெனவே உபவாசத்திலிருக்கும் சகோதரிக்கு வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, ஜெபம் முடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழியில் ஆட்டோவிலும் ஜெபிக்கலாம்.