டயர் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: டீசல் எங்கே போகிறது?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



கரிசல் பூமியில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, என் டிராக்டரும் 45 குதிரைச் சக்தி, பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரும் 45. ரெண்டு பேரும் ஓட்டுறது அதே ஒன்பது கலப்பைதான். ஆனா ஏக்கருக்கு அவரைவிட எனக்கு டீசல் கூட ஆகுது. நாசில் மாத்தியாச்சு, பம்பு கழட்டிப் பாத்தாச்சு, ஏர் கிளீனரும் புதுசு. ஒண்ணும் கேக்கலே" என்றார்.

வண்டியைக் காட்டுக்குள் ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். இஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. கரும்புகையும் இல்லை. பின் சக்கரத்தைக் கவனித்தேன். டயரின் மேல் இருக்கிற ரப்பர் கட்டைகள் தேய்ந்து விரல் தடிமன்கூட இல்லை. கலப்பை மண்ணில் இறங்கியதும் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, வண்டி மெல்ல நகர்கிறது. வருஷத்தில் பாதி நாள் தார் ரோட்டில் செங்கல் லோடு அடிக்கிற வண்டி அது. கோளாறு இஞ்சினில் இல்லை, டயரில். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் இது சின்ன விஷயமா?

இதற்கு வழுக்கல் என்று பெயர். எந்த டிராக்டரும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு சுண்ணாம்புக் கட்டியும் ஒரு டேப்பும் போதும்.

பின் டயரின் பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, உழப்போகிற அதே நிலத்தில் வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். கோடு தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு, சக்கரம் சரியாக 10 சுற்று சுற்றி முடிகிற இடத்தில் இன்னொரு குச்சி நடுங்கள். தூரத்தை அளங்கள். 40 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கலப்பையை இறக்கி, வழக்கமான ஆழத்தில் உழுதுகொண்டே அதே 10 சுற்றை எண்ணுங்கள். 34 மீட்டர் வந்தால் 6 மீட்டர் குறைகிறது. 40-க்கு 6 என்றால் 15 சதவீத வழுக்கல். 30 மீட்டர்தான் வந்தது என்றால் 25 சதவீதம். சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சக்தியில் கால் பங்கு மண்ணைக் கிளறிவிட்டதோடு போய்விட்டது என்று அர்த்தம்.

கெட்டியான நிலத்தில் 8 முதல் 10 சதவீதம், உழுது பொலபொலப்பான நிலத்தில் 15 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் சேர்ந்து கரைகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சதவீத வழுக்கலில் ஒரு மணி நேரத்தில் முடிகிற உழவு, 25 சதவீத வழுக்கலில் முடிய 70 நிமிஷம் ஆகும். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சொந்த வண்டி இல்லாமல் மணிக்கணக்கில் வாடகைக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்த 10 நிமிஷத்துக்கும் காசு கொடுக்கிறார்கள். "தேய்ஞ்ச டயர் வண்டி வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்லுங்கள்.

சரி, புது டயர் வாங்கப் போகிறோம். கடைக்காரர் எடுத்துப் போடுவதையெல்லாம் மாட்டிக்கொண்டு வரலாமா? பின் டயர் ஒரு ஜோடி முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

13.6-28 என்று இருந்தால் டயரின் அகலம் 13.6 அங்குலம், அது உட்காருகிற ரிம்மின் குறுக்களவு 28 அங்குலம். 14.9-28 என்பது அதைவிட அகலமானது. நடுவில் கோட்டுக்குப் பதில் 'ஆர்' என்ற இங்கிலீஷ் எழுத்து இருந்தால் அது ரேடியல் டயர். 'பிளை' என்று ஓர் எண் இருக்கும். அது உள்ளே எத்தனை அடுக்குத் துணி இருக்கிறது என்று காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது அது பளு தாங்கும் பலத்தைக் காட்டும் எண் மட்டுமே.

இவற்றைவிட முக்கியம், ரப்பர் கட்டையின் அமைப்பு. 'ஆர்-1' என்று போட்டிருந்தால் சாதாரணப் புஞ்சை உழவுக்கானது. நம்மிடம் பெரும்பாலும் ஓடுவது இதுதான். 'ஆர்-2' என்பது சேற்று நிலத்துக்கும் கரும்புக்கும் உரியது. அதன் கட்டைகள் ஆர்-1 கட்டைகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். களிமண்ணில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதைத் தார் ரோட்டில் நாள் முழுக்க ஓட்டினால் வண்டி அதிரும், கட்டையும் சீக்கிரம் தேயும். 'ஆர்-4' கட்டைகள் தணிவாகவும் அகலமாகவும் இருக்கும். மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் கெட்டித் தரை வேலைக்கும் ஏற்றது. அதைப் போட்டுக்கொண்டு ஈரக் கரிசலில் இறங்கினால் மண் அப்பிக்கொண்டு டயர் வழவழவென்று ஆகிவிடும்.

ஆக, உங்கள் வண்டி வருஷத்தில் எத்தனை நாள் காட்டில் ஓடுகிறது, எத்தனை நாள் ரோட்டில் ஓடுகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள்.

ரேடியல் நல்லதா, பழைய மாதிரி டயர் நல்லதா என்று கேட்கிறார்கள். ரேடியல் டயரின் பக்கச்சுவர் இளக்கமாக இருப்பதால் தரையில் நீளமாகப் படிந்து உட்காரும். வழுக்கல் குறையும், மண்ணும் அதிகம் இறுகாது. விலை கூடுதல். சரளைக் கல்லும் வெட்டுக் கட்டையும் உள்ள காட்டில் பக்கச்சுவர் தடித்த பழைய மாதிரி டயர் அடி தாங்கும். சீமைக் கருவேல முள்ளுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான், அது யாரையும் விடாது!

ரப்பர் டயர் டிராக்டருக்கு வந்த கதையே வேடிக்கையானது. 1930 வாக்கில்கூட அமெரிக்காவில் டிராக்டர்கள் பெரும்பாலும் முள் வைத்த இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. 1932-ல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயரை மாட்டி விற்க வந்தபோது, "ரப்பர் மண்ணில் இழுக்குமா?" என்று விவசாயிகள் சிரித்தார்கள். நம்ப வைப்பதற்காக 1933-ல் பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற கார்ப் பந்தயக்காரரை உட்கார வைத்து, டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த வேகத்தால் உழவுக்கு என்ன பிரயோசனம் என்று கேட்காதீர்கள். ஆனாலும் கொஞ்ச வருஷத்தில் ரப்பரே ஜெயித்தது. சேற்றில் மட்டும் இன்றைக்கும் இரும்புதான் ராஜா. நாம் சேறு அடிக்க மாட்டுகிற கேஜ்வீல் அந்தப் பழைய இரும்புச் சக்கரத்தின் பங்காளிதானே!

அடுத்தது காற்று. நல்ல டயர் வாங்கிக் காற்றைத் தப்பாக வைத்தால் வாங்கியும் பிரயோசனம் இல்லை. வண்டியோடு வருகிற கைப்புத்தகத்தில் உள்ள அளவுதான் சரியான அளவு. பொதுவாகப் பின் டயருக்கு உழவின்போது 12 முதல் 16 பவுண்டு போதும். "கல்லு மாதிரி இருந்தாதான் வண்டி லேசா ஓடும்" என்று 25, 30 பவுண்டு ஏற்றி வைக்கிறார்கள். ரோட்டில் லேசாக ஓடும், வாஸ்தவம். காட்டில் அந்த டயரின் நடுப்பகுதி மட்டும்தான் மண்ணைத் தொடும்; வழுக்கும், பள்ளம் பறிக்கும். அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது. காற்று ரொம்பக் குறைந்தால் ரிம்முக்குள்ளேயே டயர் நகர்ந்து டியூபின் வால்வு பிய்ந்துவிடும். லோடு ஏற்றி ரோட்டில் போவதானால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். லோடு வேலைக்குப் போகும் அன்று கூட்டிக்கொள்ளுங்கள், உழவுக்கு வரும் அன்று குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு காற்று மீட்டர் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டால் கடை கடையாக அலைய வேண்டாம்.

சட்டிக் கலப்பை மாதிரி கனமான வேலைக்கு டயரில் தண்ணீர் ஏற்றுகிற வழக்கம் உண்டு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் நிற்கும்படி வைத்து, வால்வு மட்டம் வரை ஏற்றினால் முக்கால் டயர் நிறையும். மீதிக் கால் பங்கில் காற்று இருந்தாக வேண்டும். குளிர் தேசங்களில் தண்ணீர் உறையாமலிருக்க உப்பு கலப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. வேலை முடிந்ததும் தண்ணீரை இறக்கிவிடுங்கள். அந்தக் கனத்தோடு சேற்றில் இறங்கினால் வண்டி புதையும். ரோட்டில் போனால் சும்மா சுமந்துகொண்டு டீசலைக் குடிக்கும். வழுக்கலை அளக்கும்போது 5 சதவீதம்கூட வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். வண்டியில் தேவைக்கு மேல் பாரம் இருக்கிறது என்று அது சொல்கிறது.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் முந்திச் சுற்றும்படி கணக்கிட்டு அமைத்திருப்பார்கள். முன்னால் மட்டும் வேறு அளவு டயர் போட்டால் அந்தக் கணக்கு குலைந்து, முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சண்டை போடும். தார் ரோட்டில் முன் இழுவையை விடுவித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இனி கியருக்கு வருவோம். டயர் சரியாக இருந்தும் டீசல் கூடுகிறதென்றால், டிரைவரின் கையைப் பார்க்க வேண்டும். லேசான வேலைக்கும் சின்ன கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் தள்ளி, ஊர் முழுக்கக் கேட்கும்படி ஓட்டுவது சிலருக்குப் பழக்கம். பரம்படிக்கவும் விதைக்கவும் அவ்வளவு சத்தம் எதற்கு? ஒரு கியர் கூட்டி, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் வண்டி அதே வேகத்தில் போகும், இஞ்சின் குறைவாகச் சுற்றும், டீசலும் குறையும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிராக்டர்களைச் சோதித்துச் சான்று தரவேண்டும் என்று 1919-ல் சட்டம் போட்டு, 1920 முதல் சோதித்து வருகிறார்கள். அங்கே பாதிப் பளுவையும் முக்கால் பளுவையும் இப்படி இரண்டு விதமாகவும் இழுக்க வைத்து டீசலை அளக்கிறார்கள். கியரைக் கூட்டி ஆக்சிலேட்டரைக் குறைத்த முறைக்கே செலவு குறைகிறது.

அளவு தப்பவும் கூடாது. ஓடும்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். இஞ்சின் உடனே வேகம் எடுத்தால் அந்தக் கியர் சரி. வேகம் எடுக்காமல் திணறிக் கரும்புகை தள்ளினால் பளு கூடுதல், ஒரு கியர் இறக்குங்கள். சட்டிக் கலப்பைக்கும் ஆழ உழவுக்கும் இந்த யோசனை ஆகாது, அங்கே இஞ்சினுக்கு முழுச் சுற்றும் வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டுபவர்கள், வண்டியில் 'எக்கானமி பி.டி.ஓ.' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேசான மண்ணில் இஞ்சினைக் குறைவாகச் சுற்றவிட்டும் அதே 540 சுற்றைப் பெறலாம்.

கிளட்ச் மேலே எப்போதும் கால் வைத்துக்கொண்டு ஓட்டுகிற டிரைவரிடம் என்ன சொல்வது! அதுவும் ஒரு வழுக்கல்தான், வெளியே தெரியாத வழுக்கல்.

"ஆட்டோமேட்டிக் கியர் வந்துட்டுதே, அதுல டீசல் மிச்சமாகுமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கார், ஜீப்புகளில் பழைய ஆட்டோமேட்டிக் கியருக்கு உள்ளே எண்ணெயில் மூழ்கிய இரண்டு விசிறிகள் எதிரெதிராக இருக்கும். ஒன்று சுற்றினால் எண்ணெய் தள்ளி மற்றது சுற்றும். இரண்டாவது எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். அந்தக் குறை சூடாகப் போய்விடும். அதனால்தான் "ஆட்டோமேட்டிக் எண்ணெய் குடிக்கும்" என்ற பேச்சு வந்தது. இப்போது வேகம் பிடித்ததும் இரண்டையும் பூட்டிவிடுகிற அமைப்பு வந்து அந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டுச் சின்னக் கார்களில் வருகிற ஏ.எம்.டி. என்பதில் விசிறியே கிடையாது. சாதாரணக் கிளட்சும் கியரும்தான். மாற்றுகிற வேலையை மட்டும் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆகவே மைலேஜில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

டிராக்டரில் நிலைமை வேறு. கியர் மாற்றாமல் ஒரே நெம்புகோலில் ஓடுகிற ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டியில், பம்பு எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் மோட்டாரைச் சுற்றுகிறது. நெல் அறுக்கிற பெல்ட் மிஷின்களில் பெரும்பாலும் இதுதான். பயிர் அடர்த்திக்குத் தகுந்தபடி நொடிக்கு நொடி வேகம் மாற்ற இதைவிட வசதி இல்லை. ஆனால் எண்ணெய் சூடாவதில் சக்தி போகிறது. பல்லோடு பல் கடித்துச் சுற்றுகிற சாதாரணக் கியரில் அவ்வளவு போவதில்லை. நாள் முழுக்க ஒரே வேகத்தில் கலப்பை இழுக்கிற வேலைக்குக் கியர் வண்டிதான் சிக்கனம்.

கடைசியாக, டயர் மாட்டுகிற அன்று கூட நின்று பாருங்கள். பக்கவாட்டில் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024-ஆம் வருஷம் 32-வது வாரத்தில் செய்தது. வெகுநாள் கிடந்த சரக்கு வேண்டாம். சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள். மாட்டி முடித்ததும் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால், ரப்பர் கட்டைகள் கூரை முகடு மாதிரி மேல்நோக்கிக் கூம்பியிருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் சேற்றை வெளியே தள்ளாமல் உள்ளே இழுத்து அப்பிக்கொள்ளும். அவசரத்தில் இடது டயரை வலதுபக்கம் மாட்டி அனுப்பிவிடுவது நடக்கிற காரியம்தான். அந்த இடத்திலேயே சொல்லி மாற்றி மாட்டச் சொல்லுங்கள்.