துடுப்பு போடப் போகிறீர்களா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நமக்குப் பழக்கமான தண்ணீர் கண்மாயும் கிணறும்தான். லீவுக்குத் தொண்டி அருகே காரங்காட்டுக்குக் கிளம்புகிறவர்கள், “அலையாத்திக் காட்டுக்குள்ளே கயாக் படகு ஓட்டலாமா டாக்டர்?” என்று கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம்!

“எனக்குக் கிணற்று நீச்சல் தெரியுமே” என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பட்டைகளை இறுக்கியபின் தோள்பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

முதுகை நிமிர்த்தி, முழங்காலை லேசாக மடக்கி உட்காருங்கள். வெறும் கையால் இழுத்தால் மறுநாள் தோளைத் தூக்க முடியாது. இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பித் துடுப்பு போடுங்கள்.

வயிறு முட்டப் பால்கோவா சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். உச்சி வெயில் பித்தத்தைக் கிளப்பும், காலையிலேயே போய்விடுங்கள். திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

படகு கவிழ்ந்தால் பதறாதீர்கள். படகை விடாமல் பிடித்துக்கொண்டு குரல் கொடுங்கள். சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். பென்சில் மாதிரி நீட்டி நிற்கும் அலையாத்தியின் மூச்சு வேர்கள் குத்தும்.

கொக்கு, நாரையைக் கண்டால் துடுப்பை நிறுத்தித் தள்ளி நின்று பாருங்கள். தோளுக்கும் ஓய்வு, மனசுக்கும் மருந்து!